வடக்குப் பக்கத்து நிழல்

பத்து வயதுக்கு முன் இந்த நாட்டில் வந்து இறங்கி, இப்போது வாசிக்கிற கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே அதை வீடு முழுக்கத் தேடுகிறவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் என்றால் வெயில், கடற்கரை, பின்வளவில் இறைச்சி சுடுவது என்று பிறந்த நாளிலிருந்தே பழகியவர்கள் அவர்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று என் மகள் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் வந்த முதல் வருடம் நமக்கு எல்லாமே ஆச்சரியமாக இருந்ததே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நாங்கள் வந்தது ஓகஸ்ட் மாதக் குளிரில். கொஞ்ச நாள் ஒரு சின்ன ஃபிளாட்டில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, நவம்பர் கடைசியில் ஆக்லாந்தின் மங்கரேயில் ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். விமானங்கள் கூரையை உரசுவதுபோல் இறங்கும் தெரு. வீட்டுக்குப் பின்னால் நல்ல பெரிய வளவு, அதில் ஒரு தகரக் கராஜ், குடை மாதிரி விரிகிற உடுப்புக் காயவைக்கும் கம்பி, வேலியோரம் ஒரு எலுமிச்சை. எனக்கு அப்போது ஒன்பது வயது. கேள்வி கேட்பதைத் தவிர வேறு தொழில் கிடையாது.

முதல் கேள்வி பள்ளிக்கூடத்தில் வந்தது. வகுப்பில் ஆசிரியை பஞ்சு தந்து பனிமனிதன் ஒட்டச் சொன்னார். யன்னலுக்கு வெளியே பொகுட்டுகாவா மரம் சிவப்புத் தூள் தூளாகப் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தது. பிசின் உள்ளங்கை வியர்வையோடு கலந்து பஞ்சு கையிலேயே ஒட்டியது. பக்கத்திலிருந்த சமோவாப் பிள்ளையிடம் நீ பனி பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லையாம். அவளுக்கு அடுத்தவள் டொங்கா, அவளும் பார்த்ததில்லை. துணிந்து ஆசிரியையிடமே கேட்டேன். ஒருதரம் தெற்குத் தீவில் மலைமேல் பார்த்தாராம், அதுவும் ஜூலையில். அப்படியென்றால் இது யாருடைய நத்தார், நாங்கள் ஏன் அவர்களுக்காகப் பஞ்சு ஒட்டுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர் மன்னாருக்கு வந்த வாழ்த்து அட்டைகளிலும் இதே பனிதான் இருந்தது. அங்கேயும் ஒருவரும் பார்த்ததில்லை.

அடுத்தது வெளிச்சம். அப்பா மூங்கில் ஈர்க்கும் மெல்லிய தாளும் வாங்கி நட்சத்திரக்கூடு செய்து வாசலில் கட்டினார், உள்ளே ஒரு மின்குமிழ். ஏழு மணிக்குப் போட்டார், வெளியே இன்னும் வெயில், எரிகிறதா என்றே தெரியவில்லை. எட்டு மணிக்கும் தெரியவில்லை. ஒன்பது மணிக்குப் பிறகு அது மெல்லச் சிவக்கத் தொடங்கியபோது எனக்குப் படுக்கிற நேரம் தாண்டிவிட்டது. பெத்லகேம் இங்கே இருந்திருந்தால் மூன்று ஞானிகள் பாவம், நட்சத்திரத்துக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்றேன். அம்மா சிரிக்காமல் சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா சிரித்தார்.

அம்மாவுக்கு இந்த வெயில் பிடிக்கவேயில்லை. மன்னாரில் நத்தார் என்றால் மழைக்காலம். பூசைக்குப் போகிற வழியெல்லாம் சேறு, புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், வெடியெல்லாம் நமத்துப்போய்ப் பாதி வெடிக்காது. உடம்பில் லேசான குளிர் இருந்தால்தான் பாலன் பிறந்த மாதிரி இருக்கும் என்பார். இங்கே பயத்தம் பணியாரம் சுட அடுப்படியில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, சித்திரை மாதத்தில் நத்தார் கொண்டாடுவதுபோல் கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். எனக்கோ வெயில் பிடித்திருந்தது. தெருமுனையில் டெயரி என்கிற சின்னக் கடையில் ஐஸ் வாங்கி, அது கைமுட்டி வரை ஒழுக ஒழுக நக்கிக்கொண்டே நடப்பதற்கு எந்த நத்தாரும் ஈடில்லை.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை நகராது. அப்பா யாழ்ப்பாணத்துச் சைவர். மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புவியியல் படிப்பிக்கப் போன இடத்தில் அம்மாவைக் கண்டு, ஞானஸ்நானம் பெற்றுக் கட்டிக்கொண்டார். அப்பாவின் ஆட்கள் அதோடு அவரைக் கைகழுவினார்கள். அம்மாவின் ஆட்கள், பெண்ணுக்காகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவன் எத்தனை நாளைக்கு வேதத்தில் நிற்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே வந்து அப்பா விமான நிலையத்தில் சரக்குக் கொட்டகையில் பெட்டி ஏற்றி இறக்கினார். காலையில் உள்ளே போனால் மாலையில்தான் வெளியே வருவார். படிப்பிக்கிற வேலையைப் பற்றி வீட்டில் யாரும் வாயே திறப்பதில்லை. அவரும் அந்த நாட்களில் அதிகம் கதைக்கமாட்டார். நட்சத்திரக்கூட்டுக்கு அவர் சிரித்தது நினைவில் நிற்பதே, அது அபூர்வமாக இருந்ததால்தான்.

இந்த நாட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே சொந்தம் நியூ லின் பகுதியில் இருந்த மாமி. அம்மாவின் தாய்மாமனுடைய மனைவி. மாமா இறந்தபிறகு மகனோடு வந்து சேர்ந்தவர். அம்மா மாமி என்றதால் நானும் மாமி என்றேன். ஒல்லியான, நிமிர்ந்த ஆள். ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொள்வார். மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் நியூ லின்னுக்குப் போவோம். அம்மாவும் நானும் உள்ளே போவோம். அப்பா தெருவில் காரை நிறுத்திவிட்டு அதிலேயே பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். வரவேண்டாம் என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. வாரும் என்றும் சொன்னதில்லை. மாமிக்கு அவரைக் குறித்து ஏதாவது தெரியவேண்டுமென்றால் அம்மாவிடம், “உன்ர மனுசனுக்கு வேலை போகுதோ?” என்று கேட்பார். அந்த மனுசன் முற்றத்தில் நின்றாலும் அப்படித்தான்.

மாமியிடம் ஒரு பாலன் சிலை இருந்தது. மன்னாரில் கன்னியாஸ்திரி ஒருவர் மெழுகில் வார்த்துக் கொடுத்தது. முழங்கை நீளம்கூட இல்லை. கன்னத்தில் சின்னதாக ரோஜா நிறம், ஒரு கை ஆசீர்வதிக்கிற மாதிரி உயர்ந்திருக்கும், விரல் நகம்வரை செதுக்கியிருக்கும். இடம்பெயர்ந்து ஓடியபோது நகைப்பையை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். ஆக்லாந்தில் அப்போது தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான், ஒருவர் இங்கே, ஒருவர் பாட்டனி டவுன்ஸில் என்று சிதறி இருந்தோம். ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு வீட்டில் குடில் கட்டி, மாமியின் பாலனை அதில் கிடத்தி, எல்லோரும் பின்னேரம் அங்கே கூடிச் செபமாலை சொல்லிப் பாட்டுப் பாடுவது வழக்கமாக இருந்தது. அந்த வருடம் பெரிய வளவுள்ள வீடு எங்களுடையதுதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாமி வாயை இறுக மூடிக்கொண்டாராம். ஆனால் மறுக்கவில்லை.

அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே தெரிந்தது. பாலன் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்றால், கட்டிக்கொண்டவனையும் சேர்த்து ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். அல்லது ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள். இது நல்லபடி நடந்தால் மாமி மன்னாருக்குக் கதைக்கும்போது ஒரு நல்ல சொல் சொல்வார், அம்மாவின் தாய்தகப்பன் காதில் விழும். பிழைத்தால் அதோடு சரி. அம்மா யன்னல் சீலைகளை இரண்டு தரம் தோய்த்தார்.

நத்தாருக்கு முந்தின ஞாயிறு மாமி பிஸ்கட் தகரத்தில் பஞ்சு வைத்துப் பாலனைக் கொண்டுவந்தார். கார்க் கதவைத் திறந்துவிட்டு அப்பா இரண்டு கையையும் நீட்டினார். மாமி அவரைச் சுற்றிக்கொண்டு வந்து தகரத்தை அம்மாவிடம் கொடுத்தார். “மெழுகு, பிள்ளை. வெயில் படாத இடமாப் பார்த்து வை” என்றார். அவ்வளவுதான் சொன்னது. நான் தகரத்தின் மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன், அனுமதி கிடைத்தது. இமை மயிர் கறுப்பு மையால் கீறியிருந்தது, தொண்டையில் ஒரு சின்ன மடிப்பு. மூச்சு விடுகிறதோ என்று கையை மூக்கருகே வைத்துப் பார்த்தேன்.

வெயில் படாத இடம் பார்க்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றால் சாதாரணமாக இல்லை. மாதக்கணக்காகக் குனிந்தே திரிந்த மனுசன் நிமிர்ந்துவிட்டார். வளவின் நடுவில் நின்று கிழக்கு எது, மேற்கு எது என்று கையை நீட்டிப் பார்த்தார். மார்கழியில் சூரியன் தெற்கே சரிந்து போகும், ஆகவே எந்தக் கட்டடத்துக்கும் வடக்குப் பக்கம்தான் நாள் முழுக்க நிழல் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். கராஜின் வடக்குச் சுவரோடு குடிலைக் கட்டுவது என்று முடிவாயிற்று. சும்மா முடிவெடுக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் காலையில் போய்ப் பார்த்தார், அங்கே நிழல். வேலையால் வந்து மாலையில் பார்த்தார், அப்போதும் நிழல். சூரியன் தென்கிழக்கில்தான் எழும்பியது, அவர் மன்னாரில் கரும்பலகையில் கீறிக் காட்டியது மாதிரியே. அதற்குமேல் ஒரு மனுசன் என்னத்தைச் சோதிக்க?

அம்மாவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது. அந்தப் பக்கம் கம்பியில் போடுகிற உடுப்பு கெதியாகக் காய்கிறது என்றார். அது காற்று என்றார் அப்பா. எனக்கும் ஒரு சந்தேகம். பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது, நான் நாள் முழுக்க வளவில்தான் கிடந்தேன். பக்கத்து வீட்டு மஞ்சள் பூனை ஒன்று தினமும் காலையில் கராஜின் வடக்குப் பக்கம் சீமெந்தில் வந்து நீட்டி நிமிர்ந்து படுக்கும். பத்து மணிபோல எழும்பி, சோம்பல் முறித்து, கராஜைச் சுற்றி மற்றப் பக்கம் போய்ப் படுக்கும். மாலையில் திரும்பி வரும். ஏன் அப்படி என்று அப்பாவிடம் கேட்டேன். பூனைக்கு ஒரே இடத்தில் இருக்கப் பிடிக்காது என்றார். புவியியல் வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அம்மாவும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன். அந்தப் பூனைக்கு அப்பாவைவிடப் புவியியல் தெரிந்திருந்தது என்பது பிறகுதான் வெளியாயிற்று.

குடில் அழகாக வந்தது. முயலுக்குப் போடுகிற காய்ந்த புல்லை ஒரு கடையில் வாங்கி வந்து கூரை வேய்ந்தார். வேலைத்தலத்தில் எறியக் கிடந்த மரப்பலகையில் தூண்கள். களிமண்ணில் நானே ஒரு ஆடு செய்தேன், அது பன்றி மாதிரி வந்தது. வெளியில் வைப்பதால் குருவி கொத்தும், காற்றில் புல் விழும் என்று யோசித்து, பாலனைக் கிடத்த அப்பா ஒரு பெட்டி செய்து முன்னும் மேலும் கண்ணாடி பொருத்தினார். அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தார். உங்களில் யாராவது தோட்டத்தில் தக்காளிக்குக் கண்ணாடி வீடு கட்டியிருந்தால் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள்.

நத்தார் காலை வெளிச்சமாக, ஒரு முகில் இல்லாமல் விடிந்தது. ஒன்பது மணிப் பூசைக்குப் புறப்படுமுன் மூன்று பேரும் குடிலுக்கு முன்னால் முழங்காலில் நின்றோம். அம்மா பாலனைக் கிடத்தினார். சுவரோரம் நல்ல குளிர்ந்த நிழல், சீமெந்தில் இரவு ஈரம்கூட இருந்தது. அப்பா கண்ணாடியை மூடி, எட்ட நின்று பார்த்தார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கோவிலில் சமோவா ஆட்கள் வெள்ளை வெள்ளையாக உடுத்துக்கொண்டு வந்து, கூரை கழன்று போகிற மாதிரிப் பாடினார்கள். பூசைக்குப் பிறகு மண்டபத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. பன்றி இறைச்சி, மரவள்ளி மாதிரி ஒரு கிழங்கு, பவ்லோவா என்கிற முட்டை வெள்ளைக் கேக். அது வாயில் வைத்ததும் காணாமல் போனது, எங்கே போனது என்று பார்க்க இன்னொரு துண்டு எடுத்தேன். பாட்டு முடிகிற பாடாக இல்லை. வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. பின்னாலேயே மாமியின் மகன் ஓட்டி வந்த காரும், மற்றக் குடும்பங்களின் கார்களும் தெருவில் வரிசையாக நின்றன.

நான்தான் முதலில் ஓடினேன். வளைந்து கராஜின் அந்தப் பக்கம் போனதும் கண் கூசியது. சுவர் முழுக்க வெயில். கராஜ் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பாலன் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. உயர்ந்த கை மார்போடு ஒட்டிப்போயிருந்தது. முகம், பல நாள் பாவித்த சவர்க்காரத் துண்டு மாதிரி, மேடும் பள்ளமுமில்லாமல் வழுவழுவென்று இருந்தது. இமை மயிர் கீறிய கறுப்பு காதருகே ஒரு கோடாக இறங்கியிருந்தது. பயமாக இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அம்மா வந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணாடியை மூடினார். மூடி என்ன செய்ய, எல்லோரும் வந்துவிட்டார்கள். பின்னால் ஒரு பெண்குரல், சைவ ஆளிட்டக் குடுத்தா இப்பிடித்தான் என்று மெதுவாகச் சொன்னது, மெதுவாகச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டது. மாமி முன்னுக்கு வந்து அம்மாவின் கையை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“வெயில் படாத இடம் எண்டு சொன்னனான்தானே” என்றார்.

“நான்தான் மாமி இதில வைச்சனான். அவருக்குத் தெரியாது” என்றார் அம்மா. அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பூசையால் வந்து அரை மணியாகவில்லை.

அப்பா அப்போது அங்கே இல்லாத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனைப் பார்த்தார், கராஜைப் பார்த்தார், தன் காலடியில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிறகு, மாமியிடம் நேராகவே கதைத்தார். அதுவும் நான் கண்ட முதல் தடவைதான்.

“அவ இல்லை மாமி. இடம் பார்த்தது நான். எங்கட ஊரில நத்தார் நேரம் சூரியன் தெற்காலதான் போகும். வருசக்கணக்காப் பிள்ளையளுக்கு அதைத்தான் படிப்பிச்சனான். இஞ்ச அது வடக்கால போகுது. காலமை தெற்குப் பக்கம் எழும்பி, பிறகு மற்றப் பக்கம் திரும்பிடுது. எனக்குத் தெரிஞ்ச விசயம்தான் மாமி, நானே பரீட்சையில கேட்டிருக்கிறன். பூமத்தியகோட்டைத் தாண்டித் தெற்கால வந்திட்டம் எண்டதை மறந்துபோனன்.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். அவருக்கு அழுகை வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பிழை விட்டதற்காக மட்டுமில்லை. இந்த நாட்டில் அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு படிப்புத்தான், அதிலேயே சறுக்கிவிட்டார், அதுவும் இத்தனை பேருக்கு முன்னால்.

எல்லோரும் மாமியின் வாயைப் பார்த்தார்கள். மாமி பாலனைப் பார்க்கவில்லை. அவரும் இப்போது சூரியனைத்தான் பார்த்தார், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு.

“குளிர் காலத்திலயும் வடக்காலயோ போகும்?” என்று கேட்டார்.

அம்மாவிடம் கேட்கிறார் என்றே அப்பா நினைத்தார். பதில் வராததால் நிமிர்ந்தார். “ஓம் மாமி. குளிருக்குள்ள இன்னும் சரிஞ்சு வடக்காலதான் போகும். தெற்குப் பக்கத்தை எட்டியும் பாராது.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும் இல்லை.”

மாமி மகனிடம் திரும்பி, தன் அறை யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். மகன் கொஞ்சம் யோசித்தார். தெற்கு என்றார். நீங்கள்தானே அம்மா கேட்டு எடுத்தது, வந்த அன்று மற்ற அறையைத் தந்தபோது வேண்டாம் என்றீர்களே என்றார். மாமி ஓம் என்று தலையசைத்தார். கூடைக் கதிரை ஒன்றை யாரோ இழுத்துக் கொடுத்தார்கள், அந்த வெயிலிலேயே உட்கார்ந்தார். பிறகு, ஒருவரிடமும் சொல்லாத மாதிரி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

“தெற்குப் பக்கம் எடுத்தா மாரியில வெயில் வரும் எண்டுதான் எடுத்தனான். ஒரு நாளும் வரேல்லை. கம்பளிக்கு மேல கம்பளி போட்டும் கால் விறைக்கும். அவர் போனபிறகு உடம்பில சூடு இல்லாமப் போச்சுது, இனி இப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டு படுத்திருந்தன்.”

மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தானே கேட்டு எடுத்த அறையை எப்படிக் குறை சொல்வது என்றார் மாமி. எனக்கு அந்த நிமிடத்தில் மாமியைப் பிடித்துப்போயிற்று. நானும் அப்படித்தான், அளவில்லாத சப்பாத்தைக் கடையில் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மாதக்கணக்காக நொண்டியவள். பெரியவர்களும் அப்படி நொண்டுவார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அன்று பாலனை அப்படியே வைத்துத்தான் செபமாலை சொன்னோம். மாமிதான் தொடங்கினார். போகும்போது மாமி பிஸ்கட் தகரத்தில் பாலனைப் பஞ்சோடு வைத்து எடுத்துக்கொண்டு போனார். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்பார்கள், மண்ணில் புதைப்பார்கள் அல்லது எரிப்பார்கள். அவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. மாமி இறந்தபிறகு அலமாரியைத் துப்புரவு செய்த மகனும் அதைக் காணவில்லை. அடுத்த வருடத்திலிருந்து கடையில் வாங்கிய ஒரு சாந்துப் பாலன் வீடு வீடாகச் சுற்றியது. அதன் முகம் எனக்கு நினைவில்லை.

அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மாமி திட்டியிருந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாரே, அதுதான் பயம் என்றார். இனிமேல் நியூ லின் பக்கம் போக முகமில்லை என்றார். அப்பா குடிலைப் பிரித்துப் புல்லைக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மாமி ஒரு வார்த்தையும் அப்பாவைக் குறை சொல்லவில்லை என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஒருவர் வாயை இறுக மூடிக்கொண்டால் அதற்குள் கோபம்தான் இருக்கும் என்று பெரியவர்கள் எப்படித்தான் முடிவு செய்கிறார்களோ. மாமியைப் பற்றி எங்கள் வீட்டில் கதைத்ததெல்லாம் வேதம், சாதி, வீம்பு என்றுதான். அவருக்குக் குளிர்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீம்பும் இருந்திருக்கலாம்தான், நான் அவரைப் புனிதர் ஆக்கப் பார்க்கவில்லை. ஆனால் இரவெல்லாம் கால் விறைத்துக் கிடக்கிற ஒருவர் பகலில் எப்படிச் சிரித்துக் கதைப்பார்?

மறுநாள் காலை மாமியின் மகன் போன் எடுத்து, தன் அம்மா எங்களை வரச்சொல்கிறார் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அம்மா அவசரமாகச் சேலை மாற்றினார். நியூ லின் போய், வழக்கம்போல் அப்பா தெருவில் நிறுத்தி, பேப்பரை விரித்தார். அம்மாவும் நானும் இறங்கிக் கேற்றைத் திறந்தோம். அதற்குள் கதவு திறந்தது. மாமி படியிறங்கி வந்தார், எங்களைத் தாண்டி நடந்தார், தெருவுக்கே போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினார்.

“தம்பி, உள்ள வாரும்” என்றார். “எந்த அறைக்குள்ள வெயில் வரும் எண்டு பார்த்துச் சொல்லும்.”

அப்பா பேப்பரை மடிக்க முயன்று, முடியாமல், அப்படியே இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினார். அந்த வீட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். ஒவ்வொரு அறையாகப் போய் யன்னலைத் திறந்து பார்த்தார், வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக் கூரையின் உயரம் பார்த்தார், ஜூன் மாதம் சூரியன் எவ்வளவு தாழ்வாக வரும் என்று கையைச் சரித்துக் காட்டினார். மாமி கூடவே நடந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். என்னைவிட அதிகம் கேள்வி கேட்கிற ஒருவரை அன்றுதான் கண்டேன். காலையில் எத்தனை மணிக்கு வரும், முகில் நாளில் என்ன ஆகும், ஊரில் இருக்கிற நிலவும் இங்கே இருக்கிற நிலவும் ஒன்றுதானா. கடைசிக் கேள்விக்கு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், மாமியும் சிரித்தார். அப்பாவும் மாமியின் மகனுமாகக் கட்டிலைக் கழற்றி வடக்குப் பக்கத்து அறையில் பூட்டினார்கள். இந்தக் கோடையில் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது மாமி, ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். பார்ப்பம் என்றார் மாமி. பிறகு எல்லோருக்கும் கேக் வெட்டினார், அப்பாவுக்கும்.

ஆனால் அம்மா நம்பவில்லை. அந்த ஆறு மாதமும் அம்மா நிம்மதியாக இருந்தாரா என்றால் இல்லை. இந்த மனுசன் ஒருதரம் பிழை விட்டாயிற்று, இரண்டாவது தரமும் பிழைத்தால் என்ன செய்வது? அந்த அறையிலும் வெயில் வராவிட்டால்? ஏப்ரலில் மழை பிடித்தது. மே முழுக்க முகில். அம்மா அப்பாவிடம், நிச்சயம்தானே, நிச்சயம்தானே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா நிச்சயம் என்று சொல்வார், சொல்லிவிட்டு வெளியே போய் வானத்தைப் பார்ப்பார்.

ஜூனில் ஒரு ஞாயிறு, நல்ல குளிர், புல் நுனியெல்லாம் வெள்ளையாக இருந்தது. மழை விட்டு முதல் நாள். பூசையால் வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்மாதான் எடுத்தார். ஓம் மாமி என்றார். பிறகு ரிசீவரை அப்பாவிடம் நீட்டினார். “உங்களைத்தான் கேக்கிறா.”

அப்பா எழும்பி நின்று வாங்கினார். நானும் அம்மாவும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் அதிகம் கதைக்கவில்லை. ஓம் மாமி என்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஓம் மாமி, வாறம் என்றார். ரிசீவரை வைத்தபிறகும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“கட்டிலில வெயில் விழுந்திருக்காம்” என்றார் அப்பா. “அது போறதுக்குள்ள வந்து பார்க்கட்டாம்.”